ஜெபராணியின் ஜன்னல்

முடிவு வந்த அன்று முதலில் கைதட்டியவள் ஜெபராணிதான். தன்னுடைய ஜன்னல்தான் ஜெயித்திருக்கும் என்று அவள் முடிவே கட்டியிருந்தாள். ஆறு மாதமாக அவளிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக நொண்டாமல் நடக்க ஆரம்பித்ததைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள்.

டாக்டர் மொகுதூம் கையிலிருந்த திரையைப் பார்த்து வாசித்தார். “ரெண்டாவது ஜன்னல் மருந்து. இனிமே ஒரு வருஷத்துக்கு நம்ம மாவட்ட இயந்திரம் அதைத்தான் செய்யும்.”

“ரெண்டாவதா? நல்லாப் பாருங்க டாக்டர்.”

“நான் பாத்து என்ன செய்ய, சிஸ்டர்? கம்ப்யூட்டர் பாத்தாச்சு. உங்க ஜன்னல்ல போட்டது தோலை வளர்க்கிற மருந்து. அந்தப் பட்டியல்ல எழுபது பேர்ல முப்பத்தொரு பேருக்குப் புண் பெருசாயிருக்கு. ஒன்பது பேருக்குக் காலையே எடுத்தாச்சு. ரெண்டாவது பட்டியல்ல பாதிக்கு மேல ஆறிருச்சு. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

தட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜெபராணி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

மாவட்டத்துக்கு ஒரு மருந்து இயந்திரம் என்று அரசு கொடுத்திருந்த காலம் அது. இரண்டு பீரோவை ஒட்டி வைத்த அளவில் இருக்கும். பெப்டைடு மருந்து எதை வேண்டுமானாலும் செய்யும். ஆனால் ஒப்பிடுவதற்கென்று கொஞ்சம் செய்வது போக, ஓராண்டுக்கு ஒன்றை மட்டுமே செய்யும். எந்த மாவட்டத்துக்கு எந்த மருந்து என்பதை, ஒப்பிட்டுப் பார்த்துக் கம்ப்யூட்டர் சொல்லும். கடலோரத்தில் இருக்கும் சிப்பிக்குடியிருப்பில் எல்லாரும் உப்பளத்து வேலைக்காரர்கள். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்கிற கால்கள். அதோடு சர்க்கரையும் சேர்ந்துவிட்டால் சின்ன வெடிப்பு பள்ளமாகும், பள்ளம் அழுகும், கடைசியில் கால் போகும். எந்த மருந்து அதிகக் கால்களைக் காப்பாற்றும் என்பதுதான் கேள்வி.

பயிற்சி நாளில் டாக்டர் அதை அழகாகத்தான் விளக்கியிருந்தார்.

“பெப்டைடுங்கறது பாசிமணி கோக்கிற மாதிரி, சிஸ்டர். ரெண்டு மருந்துக்கும் அதே மணிகள்தான். வரிசை மாறினா வேலை மாறிரும். ஒண்ணு தோலைப் பார்த்து ‘வளரு’ன்னு சொல்லும். எட்டு ஊசியில புண் மூடிரும். இன்னொண்ணு வயித்தைப் பார்த்து ‘போதும்’னு சொல்லும். பசி அடங்கும், சர்க்கரை இறங்கும், சர்க்கரை இறங்கினாப் புண்ணும் ஆறலாம். டவுன்ல உடம்பைக் குறைக்க அதைத்தான் கேட்டு அலையுறாங்க.”

“ரெண்டும் ரெண்டு வேலைக்கான மருந்து. இதை எப்படி ஒப்பிடுறது?”

“அதான் பரீட்சையே. மாசா மாசம் புண்ணுக் காலைப் படம் எடுத்து, கால் நிக்குதா, போகுதான்னு மட்டும் பாக்கப் போறோம்.”

பரீட்சையை ஒழுங்காக நடத்த அத்தனை ஏற்பாடும் செய்தார்கள். நூற்று நாற்பது பேருக்குச் சீட்டுக் குலுக்கி, எழுபது பேரை ஜெபராணியின் ஜன்னலுக்கும் எழுபது பேரைப் புதிதாக வந்த நர்ஸ் ஷெர்லினின் ஜன்னலுக்கும் பிரித்தார்கள். எந்த ஜன்னலில் எந்த மருந்து என்று நர்சுக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. நர்ஸ் ஆள் பார்த்துக் கவனித்துவிடக் கூடாதென்று சமுதாயக் கூடத்தின் இரண்டு ஜன்னலிலும் கெட்டித் திரை. திரையில் ஒரு ஓட்டை. அதன் வழியாகக் கை மட்டும் உள்ளே வரும். யாருடைய கை என்பதை விரல் ரேகை சொல்லவேண்டும்.

அங்கேதான் இடித்தது. உப்பளத்துக்காரர்களுக்கு ரேகை ஏது? உப்பு வாரி வாரி விரல் நுனியெல்லாம் வழவழவென்று தேய்ந்து கிடந்தது. கருவி நூறு தடவை சிவப்பு விளக்கு காட்டியது. முகத்தைப் படம் பிடிக்கச் சட்டம் விடாது. கடைசியில் ஆளுக்கொரு டோக்கன் என்று முடிவானது. டோக்கனைக் காட்டினால் ஜெபராணியின் கம்ப்யூட்டர் திரையில் பெயர் வரும், அவள் ஊசி போடுவாள். இவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர்கள் யோசித்தும், ஜெபராணிக்குக் கைராசி என்று ஊரே நம்புகிற சங்கதி ஒருவர் காதிலும் விழவில்லை. விழுந்திருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இருபத்தேழு வருடமாக அந்த ஊருக்கு அவள்தான் நர்ஸ். அவள் குத்தினால் பிள்ளை அழாது, அவள் கட்டினால் புண் ஆறும், அவள் தொட்டால் வயிற்றுப் பிள்ளை தலை திரும்பி நேராகும் என்பார்கள். நாசரேத்துக்காரி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். “ராசியாவது ஒண்ணாவது, எல்லாம் கர்த்தர் கிருபை” என்று வாய் சொல்லும். ஆனால் கைராசி என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று முழுக்க அவளுக்கு மனசு குளிர்ந்துபோகும்.

முடிவு வந்த மறுநாள் காலை அவள் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். கால் எடுக்கப்பட்ட ஒன்பது பேரில் மாரிக்கனியும் ஒருத்தி. முப்பத்தாறு வயது. வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

“மொத நாள் உனக்கு வெறும் வெடிப்புத்தானே இருந்துச்சு?” என்றாள் ஜெபராணி.

“ஆமா சிஸ்டர். மதினிக்குத்தான் குழி விழுந்து கெடந்துச்சு. சீட்டுல எனக்கு ஒங்க ஜன்னல் வந்துட்டு, அவளுக்கு ஷெர்லின் சிஸ்டர் ஜன்னல். ஒரே அழுகை. ஒங்க கையால போட்டாத்தான் ஆறும்னு ஒத்தக் கால்ல நின்னா. எனக்கென்ன வெடிப்புதானன்னு டோக்கனை மாத்திக் குடுத்துட்டேன்.”

அவளுடைய அண்ணன் மனைவி பொன்னுத்தாயைத்தான் சொன்னாள்.

“இன்னும் யாரெல்லாம் மாத்துனாக?”

“நெறயப் பேரு. பெரிய புண்ணுக்காரங்க பூராவும் ஒங்க பக்கம் வந்துட்டாக. சின்னப் புண்ணுக்காரங்க அந்தப் பக்கம் போயிட்டோம். காலைப் படம் எடுக்கும்போது மட்டும் அவுகவுக டோக்கன். காலை மாத்த முடியாதுல்லா!” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். “ஆறு மாசமாப் பசியே இல்ல சிஸ்டர். ஒரு வாய் கஞ்சி குடிச்சாப் போதும்னு இருந்துச்சு. சாப்பாடு மிச்சந்தானன்னு சந்தோசப்பட்டேன் பாத்துக்கிடுங்க.”

ஜெபராணிக்கு இது புதுச் செய்தி இல்லை என்பதுதான் விஷயம். மூன்றாவது வாரமே கம்ப்யூட்டர் திரையில் ‘மாரிக்கனி’ என்று வந்தபோது உள்ளே நீண்டது பொன்னுத்தாயின் கை. அந்தக் கையில் கஞ்சி கொட்டி வெந்த தழும்பு; அன்று கட்டுப் போட்டவளே ஜெபராணிதான். அதற்கப்புறம் ஒவ்வொரு புதன்கிழமையும் இடம் மாறிய கைகளை அவள் அடையாளம் கண்டுகொண்டே இருந்தாள். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இத்தனை பேர் திருட்டுத்தனமாகவாவது தன்னைத் தேடி வருகிறார்களே என்று உள்ளுக்குள் இனித்தது. இரண்டும் நல்ல மருந்துதானே, யார் எதைப் போட்டுக்கொண்டால் என்ன என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அன்று மதியமே டாக்டர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் மொகுதூம் ஒரு காகிதத்தில் இரண்டு கோடு போட்டு, அம்புக்குறிகளை மாற்றி மாற்றி வரைந்துவிட்டுப் பேனாவை வைத்தார்.

“அப்ப எல்லாம் தலைகீழ். உங்க மருந்துதான் புண்ணை ஆத்தியிருக்கு. ஆறினவங்க சொந்த டோக்கனோட படம் எடுக்க வந்ததால அது ரெண்டாவது மருந்தோட பேர்ல ஏறியிருக்கு. கால் போன ஒன்பது பேரும் பசி மருந்து போட்டவங்க. அது ஒண்ணும் விஷம் இல்ல. நல்லாத் தின்னு கொழுத்தவனுக்கு அது வரம். இவங்க ரெண்டு வேளை கஞ்சிக்காரங்க. அதையும் நிறுத்திட்டா உடம்பு எதை வச்சுத் தோலைக் கட்டும்?”

“அப்போ முடிவை மாத்துங்க டாக்டர்.”

“நீங்க ஒருத்தர் சொல்லி மாத்த முடியாது. மாத்திக்கிட்டவங்க இருபது பேராவது வந்து சொல்லணும்.” பிறகு கேட்டார். “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“மூணாவது வாரம்.”

“இருபத்தாறு வாரத்துல மூணாவது வாரம்,” என்றார் டாக்டர். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

சிப்பிக்குடியிருப்பில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். இருபது பேர் இல்லை, ஒருவர்கூட வரவில்லை. உண்மையைச் சொன்னால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள் என்று சிலருக்குப் பயம். மற்றவர்களுக்கு அவள் சொல்வதே பிடிபடவில்லை. பொன்னுத்தாய் தன் காலைத் தூக்கிக் காட்டினாள். பள்ளம் இருந்த இடத்தில் புதுத் தோல் பளபளத்தது.

“மருந்து என்ன சிஸ்டர் மருந்து? தண்ணிய ஊசியில ஏத்திப் போட்டாலும் ஒங்க கையில ஆறியிருக்கும்.”

“பொன்னுத்தாயி, நான் சொல்றதைக் கேளு. ஆத்துனது மருந்து. அந்த மருந்து இனிமே வராது. வரப்போறது மாரி காலைத் தின்ன மருந்து.”

“அது ஷெர்லின் சிஸ்டர் போட்டது. அவளுக்கு ராசி இல்ல. பாவம், சின்னப் புள்ள. அதான் அவளை மாத்திட்டாகல்லா. இனிமே நீங்கதானே போடப்போறீக? எங்களுக்கு என்ன பயம்?”

மூன்று நாளாக ஜெபராணி தொண்டை வறளப் பேசிய அத்தனையும் சுவரில் முட்டித் திரும்பி வந்திருந்தது.

அடுத்த புதன்கிழமை புது மருந்து வந்து இறங்கியது. காலை ஒன்பது மணிக்கே சமுதாயக் கூடத்து வாசலில் வரிசை தெரு முனை வரை நின்றது. இப்போது திரை கிடையாது, பரீட்சை முடிந்துவிட்டது. எல்லா முகமும் அவளைப் பார்த்துச் சிரித்தன. முதல் ஆளின் கையைப் பஞ்சால் துடைத்தவள் அப்படியே நின்றாள். குத்தினால் இவர்கள் பசியை மறப்பார்கள், பிறகு காலை இழப்பார்கள், அப்போதும் அவளை ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

“எல்லாரும் கேளுங்க. உங்ககிட்ட மறைச்சு வச்சிருந்தேன். போன மாசம் டவுன்ல நான் ஊசி போட்ட மூணு பேரு செத்துப் போயிட்டாங்க. என் கைக்கு ராசி போயிருச்சு. தெரிஞ்ச உங்களை நான் கெடுக்க விரும்பல. அதுக்கு மேல உங்க இஷ்டம்.”

டவுனில் யாரும் சாகவில்லை. அவள் போன மாதம் டவுனுக்குப் போகவே இல்லை. ஆனால் மூன்று நாள் நயந்து சொன்ன உண்மையை நம்பாத ஊர், இந்த ஒரு பொய்யை நின்ற நிலையில் நம்பியது. வரிசை கலைந்தது. முன்னால் நின்ற பொன்னுத்தாய் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு இரண்டு எட்டுப் பின்வாங்கினாள். மறுநாள் ஊர்ப் பேச்சில், செத்த மூன்று பேர் ஏழு பேர் ஆனார்கள். அதற்கு அடுத்த நாள் மாரிக்கனிக்குக் கால் போனதும் ஜெபராணியின் நிழல் பட்டுத்தான் என்று பேச்சு வந்தது. தடுப்பூசிக்குத் தூக்கிவந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் அவளைக் கண்டதும் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியில் எதிரே வந்தால் ஒதுங்கி நின்றார்கள். இருபத்தேழு வருடம் சேர்த்தது ஒரு வாரத்தில் கரைந்தது. அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

ஆனாலும் நினைத்தது நடந்தது. மருந்துக் குப்பிகள் உடைக்காமல் திரும்பிப் போயின. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த கம்ப்யூட்டர், ஒதுக்கிய மருந்தை மக்கள் ஏற்கவில்லை, மறுபடி ஒப்பிடுக என்று உத்தரவு போட்டது. டாக்டர் மொகுதூம் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“இது உங்க வேலைன்னு எனக்குத் தெரியும். கேக்க மாட்டேன். இந்தத் தடவை அறுபது பேர், பத்து வாரம். அதே நர்சுகள், ஷெர்லினையும் திரும்பக் கூப்பிட்டிருக்கேன். அதே விதி. டோக்கன் மாத்தக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிருக்கேன். இதுவும் கெட்டா இயந்திரம் வேற மாவட்டத்துக்குப் போயிரும், சிஸ்டர். மூணாவது வாய்ப்புன்னு ஒண்ணு கிடையாது.”

“என் ஜன்னலுக்கு வர இனிமே யாரு டாக்டர் டோக்கன் மாத்தப் போறா?” என்றாள் ஜெபராணி.

மறுபடி திரை தொங்கியது. ஓட்டை வழியாகக் கைகள் வந்தன. இந்தத் தடவை யாரையும் அடையாளம் காண்பதில்லை என்று அவள் சபதம் எடுத்திருந்தாள். ஊசி நுனியையும் அது இறங்கும் காசளவு தோலையும் தவிர எதையும் பார்க்கவில்லை. மின்விசிறி போட்ட இரைச்சலில் வெளியே பேசுவதும் கேட்கவில்லை. மூன்று வாரம் இப்படியே போனது.

நான்காவது வாரம் மின்சாரம் நின்றது. மின்விசிறி ஓய்ந்ததும் தரையில் கட்டை தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று அல்ல, வரிசையாகப் பல. அவளுடைய திரை மட்டும் பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. ‘அந்தோணியம்மாள்’ என்று காட்டியது. உள்ளே வந்த கை எலும்பும் தோலுமாக இருந்தது.

“நல்லா இருக்கீகளா சிஸ்டர்?”

குரலுக்குப் போடத் திரை இல்லையே. ஜெபராணி எழுந்து திரைத்துணியைத் தள்ளினாள். ஊன்றுகோலில் சாய்ந்து மாரிக்கனி நின்றாள். அவளுக்குப் பின்னால் இருபது பேருக்கு மேல், போன பரீட்சையில் கால் போனவர்களும் அதற்கு முன்பே இழந்தவர்களுமாக. அத்தனை பேரும் ஒற்றைக் கால்காரர்கள். மிச்சமிருந்த ஒவ்வொரு காலிலும் ஒரு கட்டு.

“அந்தோணியம்மா எங்கடி?”

“அவ ஒங்க கையின்னதும் நடுங்கிட்டா சிஸ்டர். ரெண்டு காலும் இருக்கவுக எல்லாரும் இந்த ஜன்னலுக்கு வரமாட்டோம்னு அழுதாக. எங்களுக்குப் போனது போயிட்டு. இனிமே ராசியென்ன, ராசியில்லாமென்ன? நாங்க வாரோம்னு டோக்கனை வாங்கிக்கிட்டோம்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஒங்க ஜன்னல்ல ஆளே இல்லாமப் போனா ஒங்களுக்கு அசிங்கம்லா.”

ஜெபராணி துணியை இழுத்து மூடிவிட்டு அந்தக் கையில் ஊசியைப் போட்டிருக்கலாம். துணியை இழுத்து மூடிவிட்டு அந்தக் கையில் ஊசியைப் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. முதல் தடவை அதைத்தான் செய்தாள். அதன் விலை இதோ வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

“டாக்டர்!” என்று கத்தினாள். “இங்க வாங்க. மறுபடி மாத்திட்டாங்க. எழுதிக்கங்க, நான் சாட்சி.”

டாக்டர் ஓடி வந்து வரிசையைப் பார்த்தார். இரண்டாவது ஜன்னலையும் போய்ப் பார்த்தார். அங்கே ஊன்றுகோல் ஒன்றுகூட இல்லை. சுவரில் சாய்ந்து நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரிடம் செய்வதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை. பத்து நாளில் இயந்திரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். மேற்கே ஏதோ ஒரு மாவட்டம் என்றார்கள்.

சாட்சி சொன்னதற்காக ஊரில் அவளை யாரும் மெச்சவில்லை. வந்த மருந்தையும் வாசலோடு திருப்பி அனுப்பியவள் என்று பெயர் கிடைத்தது. ஊரில் அவளை வீட்டுக்குள் விட்டவள் மாரிக்கனி ஒருத்திதான். வாரத்துக்கு இரண்டு முறை ஜெபராணி போய் அந்த இடது காலுக்குக் கட்டு மாற்றினாள். பஞ்சும் உப்பு நீரும் துணியும்தான், கையில் வேறு மருந்து கிடையாது.

ஒரு நாள் கட்டைப் பிரிக்கும்போது மாரிக்கனி கேட்டாள். “இந்தத் தடவை ஒங்க ஜன்னல்ல எந்த மருந்து சிஸ்டர் வச்சிருந்தாக? டாக்டர் சொன்னாரா?”

சொல்லியிருந்தார். மருந்துப் பட்டியலின் முத்திரையை உடைத்துப் பார்த்த அன்றே சொல்லியிருந்தார். ஜெபராணி அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாய் பொய் சொல்வது அவளுக்கு இப்போது ஒன்றும் பெரிய காரியமில்லை. இருந்தும் வரவில்லை.

“தோல் மருந்து,” என்றாள்.

“அப்படியா!” மாரிக்கனியின் முகம் மலர்ந்தது. “நானும் நெனச்சேன் சிஸ்டர். மூணாவது ஊசிக்கு அப்புறம் ஓரமெல்லாம் செவப்பாத் தோல் ஏறுச்சு. நல்லாப் பசிச்சிச்சு. ஒங்ககிட்ட சொல்லணும்னுதான் அன்னைக்குப் பேச்சுக் குடுத்தேன்.”

ஜெபராணி குனிந்து புண்ணைப் பார்த்தாள். ஏறிய தோல் திரும்பக் கறுத்திருந்தது. குதிகால் பக்கம் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம்.

“மூணு போட்டீக. இன்னும் எத்தன போட்டிருந்தா ஆறியிருக்கும் சிஸ்டர்?”

அவள் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அஞ்சு,” என்றாள் ஜெபராணி.